சத்தத்துக்கு நூறு மில்லி

திண்டுக்கல் ஆபீசில், ஃபேனுக்குக் கீழே,
என் வண்டி லிட்டருக்கு ஐம்பத்தைந்து ஓடுகிறது.
அந்த மேசை அவ்வளவு மட்டம்.

இங்கே மூஞ்சிக்கல்லில் காலை ஆறேகாலுக்கு
சோக்கை இழுத்து நாலு உதை.
ஐந்தாவதில் இருமிக்கொண்டு எழும்,
நின்ற இடத்திலேயே குடிக்கத் தொடங்கும்.
சைலன்சர் பக்கம் கையைக் காட்டி
விரல் மடங்குகிறவரை நிற்கிறேன்.
அந்தச் சூட்டை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

துரைக்கண்ணு பிளக்கைக் கழற்றிக் காட்டினான்.
மை அப்பியது போலக் கரி.
"காத்து மெலிஞ்ச ஊருக்கா இது.
கீழ டியூன் பண்ணுன வண்டி
மேல வந்தா பசிக்காமலே தின்னும்."
ஸ்க்ரூவைக் கால் திருகு திருகினான்,
லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் கூடியது.
கூலி நூற்றைம்பது.
பதினைந்து நாள் ஓட்டினால்
அந்தக் காசு தேறும்.

பின்சீட்டில் லேபின் நீலப் பெட்டி.
பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி.
போகும்போது இறக்கம், பெட்டி காலி.
வரும்போது ஏற்றம், பெட்டிக்குள்
முப்பது பேரின் ரத்தம், ஐஸ் கட்டியோடு.
மாற்றிப் போட்டிருக்கலாம் இந்த மலையை.

பூம்பாறை முக்கில் சிலநாள் கை காட்டுவார் கருமலையான்
பூண்டு மூட்டையோடு.
ஏற்றிக்கொண்டால் முப்பத்தெட்டு முப்பத்திரண்டாகும்.
இறங்கும்போது இரண்டு கை அள்ளிப் போடுவார்.
மூன்று மாதமாக நான் பூண்டு வாங்கவில்லை.
இதையும் மைலேஜில் சேர்க்கலாமா
என்று யாரையும் கேட்கவில்லை.

செலவைப் பிடிக்க ஒரு வழி இருந்தது.
இறக்கத்தில் சாவியை அணைத்துவிட்டால்
ஏழு கிலோமீட்டர் சும்மா வரும்.
அப்போதுதான் கேட்கும்
காலிக் குழாய்கள் பெட்டிக்குள் உரசிக்கொள்வது,
சோலைக்குள் எங்கோ தண்ணீர்,
நான் மூக்கை உறிஞ்சுவது.

மார்கழியில் ஒருநாள் மூடுபனிக்குள்
இன்னொரு மூச்சும் கேட்டது.
காட்டுமாடு.
ஒரு வேன் குறுக்கே நிற்கிற அளவு.
நான் வந்தது அதற்குக் கேட்கவில்லை,
எப்படிக் கேட்கும்?
பிடித்துப் பிடித்து ஏற்கெனவே தீய்ந்துபோன பிரேக்,
லீவர் கைப்பிடி வரைக்கும் வந்தது.
செருப்பு இரண்டையும் ரோட்டில் தேய்த்து
எப்படியோ நின்றேன்.
அது என்னைப் பார்த்தது,
பெட்டியைப் பார்த்தது,
தனக்குத் தோன்றியபோது நகர்ந்தது.

அன்றிலிருந்து இறக்கத்திலும் இன்ஜின் ஓடும்.
இரண்டாவது கியர். உறுமட்டும்.
நோட்டில் புதிதாக ஒரு கோடு கிழித்தேன்:
சத்தத்துக்கு, நாளொன்றுக்கு, நூறு மில்லி.

மாதக் கடைசியில் போன்.
"ஜெசிந்தாம்மா, என்ன இது, சத்தத்துக்குன்னு?"
காட்டுமாட்டிலிருந்து தொடங்கினேன்,
பாதியில் டவர் போயிற்று.
திரும்ப வந்தபோது அவர் முடிவெடுத்திருந்தார்:
ஐம்பத்தைந்தை நாற்பத்தைந்தாக்கலாம்,
சத்தம் செல்லாது,
செருப்புக்கு வேண்டுமானால் பில் அனுப்புங்கள்.

இன்று சாயங்காலம் கடைசி ஏற்றத்தில்
ரிசர்வும் தீர்ந்தது.
பெட்டியை இறக்கிக் கல்மேல் வைத்தேன்.
வண்டியை இடப்பக்கம் மெல்லச் சாய்த்து,
கிட்டத்தட்டப் படுக்கவைத்து,
எழுப்பினேன்.
டாங்கின் அந்தப் பக்க மூலையில்
எனக்குச் சொல்லாமல் ஒதுங்கியிருந்த பெட்ரோல்
சளப்பென்று இந்தப் பக்கம் வந்தது.

பங்குக்கு மூன்று கிலோமீட்டர்.
இரண்டாவது உதையில் பிடித்துக்கொண்டது.
பெட்டியை எடுக்கக் குனிந்தபோது
ஹெட்லைட் வெளிச்சத்தில் எதிர்ப்பக்கத்துப் புதர்
கொஞ்சம் அசைந்தது.
ஆக்ஸிலேட்டரை ஒருமுறை
வேண்டுமென்றே முறுக்கினேன்.